பியானோ நுழையும் கதவு

பழைய பள்ளிக்கூடத்தைப் புயல் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்பது எங்கள் கமாலிங் தீவுக்கே உறைத்தது. கல்யாண விருந்து அங்கே. தேர்தல் வந்தால் ஓட்டு எண்ணுவது அங்கே. திருவிழா நடனம், சனிக்கிழமை பிங்கோ என்ற எண் ஆட்டம், பன்றிகளுக்குத் தடுப்பூசி, மீனவர் சங்கத்துச் சண்டை எல்லாம் அங்கேதான். நடுவில் நேரம் கிடைத்தபோது பிள்ளைகளும் படித்தார்கள்.

யாராவது செத்துப்போனால் உடலைக் கிடத்தி ஊர் கண்விழித்ததும் அங்கேதான். எங்கள் வீடுகள் கடலுக்குள் கால் ஊன்றி நிற்பவை. மூங்கில் தரை. துக்கம் கேட்கப் பத்துப் பேர் சேர்ந்து ஏறினால் தரை உடைந்து, துக்கம் பதினொன்றாகிவிடும். என் அப்பா, அம்மா, அண்ணன் மனைவி மூன்று பேரையும் பள்ளிக்கூடத்தில்தான் கிடத்தினோம். காபி, பிஸ்கோத்து, சீட்டாட்டம், பாட்டு என்று ஒரு வாரம் ஊரே கூடியிருக்கும். செத்தவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது என்பது எங்கள் சட்டம். உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காதவன்கூட அப்போது வந்து உட்கார்ந்துவிடுவான்.

என் அண்ணன் திபுர்சியோவை ஊரில் மைக் திபோ என்பார்கள். நான் மானோங் என்பேன், மூத்தவர் அல்லவா; மூத்த பெண் என்றால் மானாங். தீவில் ஒரே ஒரு ஒலிபெருக்கி இருந்தது, அது அவருடையது. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பழைய கதைகளை எடுத்துவிடுவார். ஓட்டு எண்ணும்போது தோற்கிறவன்கூடச் சிரிப்பான். சாவு வீட்டில் செத்தவரைப் பற்றி அவர் பேசினால், இவ்வளவு நல்ல மனிதரோடா நாம் இத்தனை நாள் சண்டை போட்டோம் என்று தோன்றும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் என்று நான் அவரைத் திட்டுவேன். அவர் கோபப்பட்டதே இல்லை.

"மாப்பிள்ளையா ஒரு தடவை இருந்தாச்சு, மினியா. இன்னொண்ணுதான் பாக்கி" என்பார்.

விளையாட்டுப் பேச்சு இல்லை அது. புயலுக்கு முந்தின வருஷமே பட்டணத்து டாக்டர் அவருடைய இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். மானோங் அன்றே படகு ஆசாரியிடம் போய்த் தனக்கு ஒரு சவப்பெட்டி செய்யச் சொன்னார். மஹோகனி மரம், இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி. வீட்டில் வைத்து அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார். எலி வராது என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, நான்தான் ஒரே தங்கை. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த அரிசியில் சோறு பொங்கினால் நான் அங்கே சாப்பிட மாட்டேன்.

பள்ளிக்கூடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப என்னை எங்க கிடத்துவீங்க?" என்பதுதான்.

புதுப் பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் போட எஞ்சினியர் ஒர்தேகா வந்தார். தொப்பி, கண்ணாடி, வேர்த்து ஒழுகும் முகம். நல்ல மனுஷன். கூடைப்பந்துத் திடலில் தார்ப்பாய் கட்டி, தரையில் பெரிய தாளை விரித்து, எங்கள் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்தார்.

"இது உங்க பள்ளிக்கூடம். பிள்ளைங்க படிக்கவும் ஊரு புழங்கவும் சேத்தே கட்டப் போறோம். நீங்கதான் சொல்லணும், என்னென்ன வேணும்?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அது. வந்த விருந்தாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம், போன பிறகு நாலு நாள் புலம்புவோம். "நீங்க எப்படிக் கட்டினாலும் நல்லாத்தான் இருக்கும், எஞ்சினியர்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா தட்டாதீங்கய்யா. நாளைக்கு என் கடைக்கு வந்து அது இல்ல இது இல்லன்னு ஒப்பாரி வைக்கிறதுக்கா? இப்பவே சொல்லுங்க. அடுப்படி வேணும், விறகு அடுப்பு. முந்நூறு பேருக்கு கேஸ்ல சமைக்க முடியாது."

அதன் பிறகு மடை திறந்தது. மழைத் தண்ணீர்த் தொட்டி கேட்டார்கள். வயதானவர்கள் ஏறச் சரிவுப் பாதை கேட்டார்கள். மேடை கேட்டார்கள். மூன்று வகுப்புகளுக்கு நடுவே மடக்குச் சுவர் வைத்தால் திறந்துவிட்டதும் ஒரே கூடமாகிவிடும் என்று எஞ்சினியர் வரைந்து காட்டினார். வாய் பிளந்து பார்த்தோம். கூடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, மானாங் பிலோமெனா எதார்த்தமாகச் சொன்னாள்.

"நடுவுல பொணம் வச்சு, சுத்தி ஊரு உக்காரணும். அவ்வளவு போதும்."

ஒர்தேகா பென்சிலைக் கீழே வைத்தார். புயலுக்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வாரக்கணக்கில் உடல்களை அடுக்கி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் இன்னும் பயந்து அலறுகிறார்கள், அதனால் மாகாணத்திலிருந்து புது ஆணை வந்திருக்கிறது என்றார். இனிமேல் இறந்த உடல் எதையும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது.

"மன்னிச்சுக்கங்க. இதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால் என்ன பேசுவது? ஆனால் மானோங் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் அந்த முகம் வாடி நான் பார்த்ததே இல்லை.

ஒர்தேகா மறுபடி பென்சிலை எடுத்து, கூடத்துக்கு ஒற்றைக் கதவு போட்டார். அப்போதுதான் மானோங் எழுந்தார்.

"கதவு இரட்டைக் கதவா இருக்கட்டும், எஞ்சினியர். நல்லா அகலமா."

"எதுக்குங்க?"

அவர் சூதுவாது இல்லாமல்தான் கேட்டார். முழு ஊரும் தரையைப் பார்த்தது. ஆறு பேர் தோளில் தூக்கி வரும் பெட்டி நுழைய என்று யாரால் சொல்ல முடியும்? முடியாது என்று வருத்தத்தோடு சொன்ன விருந்தாளியின் முகத்துக்கு நேரே, உங்கள் ஆணையை நாங்கள் மீறப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது?

"பியானோ" என்றார் மானோங்.

"பியானோவா?"

"பியானோ உள்ள வரணுமே."

"ஆமாமா, பியானோ" என்று நாலு பக்கமும் தலைகள் ஆடின. "புள்ளைங்களுக்குச் சங்கீதம் தெரியணும் பாருங்க" என்றாள் மானாங் பிலோமெனா. தீவில் யாரும் தொலைக்காட்சியில் தவிர பியானோவைப் பார்த்ததில்லை. ஒர்தேகா கண் கலங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு சின்னத் தீவில் இவ்வளவு பெரிய ஆசையா என்று நெகிழ்ந்து, 'பியானோ செல்வதற்கான இரட்டைக் கதவு' என்று அழகாக எழுதிக்கொண்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நாங்கள் ஒரே பொய்யில் ஒரு சாவுக்கு வழி செய்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு அகலமா இருந்தா மட்டும் ஆணை மாறிடுமா?"

"ஆணை காகிதம், மினியா. அடுத்த எலெக்‌ஷனுக்கு மாறிடும். கதவு சிமெண்ட்டு. அது சின்னதா நின்னுடுச்சுன்னா நின்னதுதான்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் எத்தனை பேரை அங்க பேசி அனுப்பி வச்சிருக்கேன். என்னை இந்த மூங்கில் தரையில ரெண்டு ரெண்டு பேரா வந்து பாத்துட்டுப் போவாங்களா? கூட்டமில்லாம நான் என்னைக்கு இருந்தேன், சொல்லு."

பொருள் வாங்குவதையும் வேலை கொடுப்பதையும் ஊரே செய்ய வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. கொள்முதல் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். கடை வைத்திருக்கிறவள், பேரத்தில் என்னை ஜெயித்தவர் கிடையாது என்று. பட்டணத்துக்குப் படகில் போய்க் கடை கடையாக ஆணிக்கும் தகரத்துக்கும் விலை கேட்டு எழுதி வாங்கி வந்தோம். கட்டிடத்துக்கு டெண்டர் கவர்களை ஊர் முன்னால் திடலில் வைத்துப் பிரிப்பது என்று ஏற்பாடு.

ஒர்தேகா ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். குறைந்த விலை கேட்டிருந்த காண்ட்ராக்டர் முன் வரிசையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தான். எனக்குப் பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, இது கடைசி விலையா? இன்னும் கொஞ்சம் பாத்துப் போடு. ஊரு காரியம்."

அவன் சிரித்துக்கொண்டே குறைத்துவிட்டான். ஊரே விசில் அடித்தது. மானோங் மைக்கில், "எங்க வீட்டுத் தங்கச்சி! ஆஸ்பத்திரியில ஊசியக்கூட பாதி விலைக்குப் போட்டுக்கிட்டு வந்தவ!" என்று முழங்கினார். ஒர்தேகா மட்டும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மானாங், கவரைப் பிரிச்சப்புறம் விலையப் பேசவே கூடாது!"

"கூட்டலையே, குறைச்சுதானே கேட்டேன்?"

"குறைக்கவும் கூடாது!"

"குறைக்கவும் கூடாதா? அப்புறம் எதுக்குய்யா இத்தனை பேரு கூடி வாங்கறோம்?"

டெண்டரை ரத்து செய்து, மறுபடி அறிவித்து, மறுபடி பிரித்தோம். இரண்டாம் முறை மானோங் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதே காண்ட்ராக்டருக்குத்தான் வேலை கிடைத்தது. வேலை நடக்கும்போது அவன் வந்து, இரட்டைக் கதவை ஒற்றையாக்கினால் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஓடு போட்டுத் தருகிறேன் என்றான். எதையும் விட்டுக்கொடுப்பேன், கதவை மட்டும் தொடவிடவில்லை. 'அந்த ஊர்ல ஒரு கிழவிக்குப் பியானோ பைத்தியம்' என்று பட்டணத்தில் அவன் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை.

ஊருக்கு மேலே மேட்டில் கட்டிடம் எழும்பியது. ஒவ்வொரு சாயங்காலமும் மானோங் மூச்சு வாங்க வாங்க மேட்டுக்கு ஏறி வந்து, அந்தக் கதவு நிலையில் கைகளை விரித்து அளந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும். இப்போதும் அந்தச் சாயங்காலங்களைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். ஈரச் சிமெண்ட் வாசனையும், கீழே கடலும், கதவில்லாத நிலைக்கு நடுவில் கையை விரித்து நிற்கும் என் அண்ணனும்.

கடைசிப் பரிசோதனைக்கு ஒர்தேகாவுடன் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக முந்தின நாள் செய்தி வந்தது. திட்டத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாத அம்மாளாம். பியானோவுக்குக் கதவு என்று எழுதியிருக்கிறது, பியானோ எங்கே என்று கேட்டால்? பொய்க் காரணம் சொல்லிக் கூடுதல் செலவு வைத்தோம் என்று வழக்காகிவிடும் என்று எல்லாரும் நடுங்கினார்கள். மானோங் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"பியானோ எவ்வளவு நீளம் இருக்கும்?"

அன்றே பெட்டியிலிருந்து அரிசியைக் கொட்டிவிட்டு, ஆறு பேர் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். இரட்டைக் கதவு வழியாக உரசாமல் நுழைந்தது. அதற்குக் கட்டையில் கால் வைத்து நிறுத்தி, திருவிழாவுக்கு விரிக்கும் பின்னல் துணியை மூடி, மேலே ஜாடியில் பிளாஸ்டிக் பூ வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. பியானோ என்று சத்தியம் செய்ய முடியாது.

அம்மாள் வந்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார், மடக்குச் சுவரை இழுத்துப் பார்த்தார். கூடத்தின் மூலைக்கு வந்து நின்றார்.

"இதுதான் பியானோவா? வாசிச்சுக் காட்டுங்களேன்."

"சுருதி சேரலைங்க, மேடம்" என்றார் மானோங், மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரலில். "உப்புக் காத்து பாருங்க. பட்டணத்துலேந்து ஆளு வரணும்."

"பக்கத்துல என்ன, பிடி மாதிரி இருக்கே?"

"தூக்குறதுக்கு, மேடம்."

அதில் மட்டும் பொய் இல்லை. ஒர்தேகா குனிந்து துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். அப்படியே நின்றார். என் பின்னால் மானாங் பிலோமெனா ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒர்தேகா துணியைக் கீழே விட்டு, சுருக்கம் நீவி, மானோங்கைத் திரும்பிப் பார்த்தார். அகலமான கதவையும் ஒரு முறை பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு" என்றார். "ஆனா இதுல கச்சேரி ரொம்பத் தள்ளிப் போகட்டும், மானோங்."

அம்மாள் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானம் பன்றி அடித்துச் சாப்பாடு. ஒர்தேகா இரண்டு கிளாஸ் கள் குடித்துவிட்டு யாருடனும் பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஆளை நான் இன்னும் என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

நாங்கள் பெட்டியைக் கூடத்திலிருந்து கிடங்கு அறைக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிட்டோம். அதுதான் வினையானது. பள்ளி திறக்கப் புதுத் தலைமையாசிரியர் வந்தார், சார் எலாதியோ. முப்பது வயது இருக்கும், சிரிக்கத் தெரியாத முகம். சாமான்களைச் சரிபார்க்கும்போது துணியை விலக்கி மூடியைத் திறந்திருக்கிறார். அவர் போட்ட கூச்சல் கீழே என் கடை வரைக்கும் கேட்டது.

ஓடிப் போனேன். மானோங் எனக்கு முன்பே வந்து, மூச்சிரைக்கச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சார் எலாதியோ சுவரில் ஒட்டியிருந்த ஆணையை வரி வரியாக வாசித்தார். இறந்த உடல் எதையும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது.

"உடலை எங்க கொண்டு வந்தோம், சார்? பெட்டிதானே?" என்றேன்.

"உடலுக்குத்தானே பெட்டி, மானாங்? நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு இதைத் திறந்து பாத்தா?" அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "புயல்ல நான் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஒதுங்கியிருந்தேன். எனக்குப் பக்கத்துல வரிசையாப் படுக்க வச்சிருந்தாங்க. எனக்கே இன்னும் தூக்கம் வரலை. அதுங்க சின்னப் பிள்ளைங்க. தயவு செஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க."

மானோங் சுவரிலிருந்து நிமிர்ந்தார். "சார் சொல்றது சரிதான்" என்றார். பெட்டி மறுபடி அந்தக் கதவு வழியாக வெளியே போய், கடல் மேல் நிற்கும் அவர் வீட்டுக்குத் திரும்பியது. மறுபடி அரிசி கொட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மேட்டுக்கு ஏறிப் போய்க் கதவைப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. சார் எலாதியோ சொன்னதில் தப்பு இல்லை என்று தெரிந்தும், என் கடையில் அவருக்குக் காபித் தூள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அலமாரியில் அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் "சரிங்க, மானாங்" என்று போவார்.

அடுத்த வருஷக் கடைசியில் மறுபடி புயல் எச்சரிக்கை. எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மானோங்குக்கு அப்போது கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். பையன்கள் நாற்காலியில் வைத்துத் தூக்க வந்தார்கள்.

"விடுங்கடா. தூக்கிட்டுப் போற நாள் வரும், அப்பத் தூக்குங்க. இன்னைக்கு நான் நடப்பேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சரிவுப் பாதையில் நின்று நின்று ஏறினோம். இரட்டைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு சார் எலாதியோ ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். மானோங்கைப் பார்த்ததும் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

உள்ளே மடக்குச் சுவர்களை இழுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருந்தார்கள். அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. அன்று தாளில் நாங்கள் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. மறுநாள் காலையில் காற்று ஊளையிட ஆரம்பித்ததும் பிள்ளைகள் அழுதன. மானோங் மூட்டைகளோடு வந்திருந்த ஒலிபெருக்கியை எடுக்கச் சொன்னார். பேட்டரியில் ஓடும் பழைய பெட்டி அது.

"அன்பார்ந்த கமாலிங் மக்களே, வெளியில ஒருத்தன் ஓசியில ஊதிக்கிட்டிருக்கான், அவனைக் கண்டுக்காதீங்க. பிங்கோ ஆரம்பம்!"

அட்டையில் எண்களை மறைக்கச் சோள மணிகளைப் பங்கு போட்டோம். கூரை தடதடக்க, அவர் எண் எண்ணாகக் கூப்பிட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல். அழுத பிள்ளைகள் சிரித்தன. சார் எலாதியோகூட ஓர் அட்டையை வைத்துக்கொண்டு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மானாங் பிலோமெனாவுக்கு ஒரே ஓர் எண் பாக்கி. கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

மானோங் ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு சொல்லவில்லை.

"அடுத்த நம்பரைச் சொல்லு, திபோ! காக்க வைக்காதே!" என்று கத்தினாள் பிலோமெனா. எல்லாரும் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்கு நிறுத்துகிறார் என்றே நினைத்தோம். மைக் அவர் மடியில் இருந்தது. தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது, கண் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. நான்தான் முதலில் எழுந்தேன். கன்னத்தைத் தொட்டேன். அதற்குப் பிறகு என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

நினைவு வந்ததும் முதலில் தேடியது சார் எலாதியோவைத்தான். அவர் பிள்ளைகளை எல்லாம் மறுகோடிக்கு அனுப்பிவிட்டு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். நான் அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"காத்து நின்னதும் தூக்கிட்டுப் போயிடறோம், சார். இந்த மழையில மட்டும் வெளியில போகச் சொல்லாதீங்க."

அவர் கூடத்தின் மூலைக்குப் போனார். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளின் சின்ன மேசைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து சேர்த்துப் போட்டார். ஒன்று ஆடியது, காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். அதன் மேல் பாய் விரித்து, அவரே ஒரு பக்கம் பிடித்து மானோங்கைக் கிடத்தினார்.

பிற்பகலில் காற்று நின்றது. கதவைத் திறந்து வெளியே வந்து கீழே பார்த்தோம். கரையோரத்தில் கால்கள் மட்டும் நின்றன, வீடுகள் இல்லை. மானோங் வீடு இருந்த இடத்தில் கால்கூட இல்லை. மஹோகனிப் பெட்டி, பித்தளைப் பிடி, அரிசி எல்லாம் எந்தக் கடலுக்குப் போனதோ. நான் உள்ளே திரும்பி வந்து அந்த மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். சார் எலாதியோ வந்தார்.

"தூக்கிட்டுப் போறேன்னு சொன்னேன், சார்" என்றேன். "எங்க தூக்கிட்டுப் போறதுன்னு தெரியலை."

அவர் சுவரில் இருந்த ஆணையைக் காட்டினார்.

"இறந்த உடலைக் கொண்டுவரக் கூடாதுன்னுதான் இருக்கு, மானாங். இவரை யாரும் கொண்டுவரலை. நடந்து வந்தாரு. நான்தான் கதவைத் திறந்து விட்டேன்." பாயின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். "புயல்ல வீடு போனவங்க வேற இடம் கிடைக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துல தங்கலாம்னு இன்னொரு ஆணை இருக்கு. இவருக்கும் வீடு போயிடுச்சு. இருக்கட்டும்."

அன்று நான் அழுத அழுகை அண்ணனுக்காக மட்டும் இல்லை.

படகு வரவில்லை, பாதிரியார் வரவில்லை. முந்நூறு பேரும் போக வீடில்லாமல் அங்கேயே இருந்தார்கள். எந்த மேயருக்கும் அப்படிக் கூட்டம் வந்ததில்லை. சார் எலாதியோ பிள்ளைகளை உட்கார வைத்து, அங்கே படுத்திருப்பது பிங்கோ தாத்தா, களைத்துப் போய்விட்டார் என்று சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு சோள மணியைப் பாயில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் அலறவில்லை. ஜன்னலுக்கு அடித்திருந்த பலகைகளை எடுத்து ஆசாரி ஒரு பெட்டி செய்தார்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. இழவு வீட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போனால் செத்தவரும் கூடவே வந்துவிடுவார், நடுவில் வேறெங்காவது நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்களுக்கோ இழவு வீடும் அதுதான், தூங்கும் வீடும் அதுதான். கடைசியில் ஆளாளுக்குப் பெரிய கதவு வழியாக வெளியே போய், அடுப்படியில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, பின்பக்கமாக உள்ளே வந்து படுத்துக்கொண்டோம். மானோங் ஏமாந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவருக்குப் பிடித்திருக்கும்.

எல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிறது. சார் எலாதியோ மாற்றல் வாங்கிப் போகவே இல்லை, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அந்த விருந்துக்கும் அதே கூடம்தான். அவருக்குக் காபித் தூள் இப்போது நானே வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். மாகாண ஆணை மட்டும் அப்படியே இருக்கிறது, அண்ணன் சொன்னது போல எந்தத் தேர்தலுக்கும் மாறவில்லை. அதனால் ஊரில் ஒரு புது வழக்கம் உண்டாகிவிட்டது. யாருக்காவது முடியவில்லை, இனித் தேறாது என்று தோன்றினால், மூச்சு இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போய்விடுவோம். சார் எலாதியோ கதவைத் திறந்துவிட்டு, எதுவும் கேட்காமல் காய்ச்சல் வந்த பிள்ளைகளைப் படுக்க வைக்கும் அறையில் பாய் போட்டுக் கொடுப்பார். மானாங் பிலோமெனா இதுவரை மூன்று முறை சாகப் போய், பிள்ளைகளோடு சேர்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

"அந்தச் சத்தத்துல எங்கடி சாகறது?" என்கிறாள்.

எனக்கும் முழங்கால் போய்விட்டது. கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் இப்போது நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போக முடிகிறது. என்னையும் யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, நானாகத்தான் நடந்து உள்ளே போக வேண்டும். கொஞ்சம் முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருக்கும்.